கணினி ஸ்தம்பித்து நின்றால் வைரஸை மட்டும் தேடவேண்டாம்

பரந்தனிலிருந்து:

வீட்டுக் கணினி அடிக்கடி ஸ்தம்பித்து நிற்கத் தொடங்கினால், எங்கள் பக்கத்தில் முதலில் கிடைக்கும் ஆலோசனை "வைரஸ் ஏறியிருக்கும், போர்மட் அடியுங்கோ" என்பதுதான், அதாவது உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு வின்டோஸைப் புதிதாகப் போடுவது. அதற்குச் சம்மதிப்பதற்கு முன் செய்தே ஆகவேண்டிய வேலையொன்று இருப்பதை எங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

எங்களுடையது வின்டோஸ் 10 இயங்கும் பழைய மேசைக் கணினி. உயர்தரம் படிக்கும் மகள் செயற்றிட்ட அறிக்கையை அச்சிடுவதற்காகப் பென்டிரைவைப் போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொண்டுபோய் வந்தாள். வீட்டில் அதைச் செருகியபோது கோப்புறைகள் ஒன்றையும் காணவில்லை. அவற்றின் இடத்தில் அதே பெயர்களுடன், மூலையில் வளைந்த அம்புக்குறி உள்ள குறுக்குவழிகள் மட்டும் இருந்தன. உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, குறுக்குவழியைச் சொடுக்கியதும் தன் நிரலை இயக்கிவிட்டு, பின்னர் கோப்புறையையும் திறந்து காட்டி ஐயம் எழாமல் பார்த்துக்கொள்ளும் பழைய வகைப் புழு அது. ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மனேஜரில், ஸ்கிரிப்ட் கோப்புகளை இயக்கும் "டபிள்யூஸ்கிரிப்ட்" என்ற செயல்முறை காரணமின்றி ஓடிக்கொண்டிருந்ததும் அதை உறுதிப்படுத்தியது. அந்த வாரத்திலிருந்தே கணினியும் நின்று நின்று இயங்கியதால், புழுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவுசெய்துவிட்டார்கள்.

புழுவை நீக்குவது கடினமாக இருக்கவில்லை. அந்தச் செயல்முறையை நிறுத்தி, தொடக்கத்தில் தானாக இயங்கும் நிரல்களின் பட்டியலிலிருந்து அதன் பதிவை அகற்றி, வின்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு நிரலான மைக்ரோசொப்ட் டிபென்டரின் ஓப்லைன் சோதனையை ஓட்டினோம். வின்டோஸ் முழுமையாகத் தொடங்குவதற்கு முன்பே அந்தச் சோதனை நடப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் தன்னை ஒளித்துக்கொள்ள வாய்ப்புக் குறைவு. பென்டிரைவிலும் மறைப்புப் பண்பை எடுத்துவிட்டதும் கோப்புறைகள் திரும்பின.

ஆனால் கணினி நிற்பது நிற்கவில்லை. சுட்டி அசைகிறது, சொடுக்கினால் பதில் இல்லை, பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய "டிக், டிக்" என்ற ஓசை, சற்று நேரத்தின் பின், தேங்கியிருந்த சொடுக்குகள் எல்லாம் ஒன்றாக வேலை செய்கின்றன. அந்த நேரத்தில் டாஸ்க் மனேஜரைப் பார்த்தால் செயலி ஏறக்குறைய ஓய்வாக இருக்க, வன்தட்டு மட்டும் 100 வீதத்தில் நின்றது. அப்படியிருந்தும் படிக்கும் வேகம் பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. இந்த முரண்தான் முக்கியமான தடயம். வைரஸோ வேறொரு நிரலோ வன்தட்டை வேலைவாங்கினால் தரவு ஓடுகின்ற வேகமும் உயர்ந்து தெரியவேண்டும். வேலை முழுவதும் நடப்பதாகக் காட்டிக்கொண்டு தரவு நகராமல் இருந்தால், பழுதடைந்த ஓர் இடத்தை வன்தட்டு திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்றே முதலில் ஐயப்படவேண்டும்.

வன்தட்டின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். நீல நிறத்தில் இருக்கவேண்டிய நிலை மஞ்சளில் "எச்சரிக்கை" என்று காட்டியது. பட்டியலில் "சி5" என்ற வரிசைதான், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கை. "05" என்பது ஏற்கெனவே பழுதாகி மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்டவற்றின் எண்ணிக்கை. எங்களுடையதில் இரண்டுமே பூச்சியமாக இல்லை.

இங்கேதான் வேலைகளின் வரிசை முக்கியமாகிறது. முழுமையான வைரஸ் சோதனையும், பழுதுகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையும் வன்தட்டின் மூலைமுடுக்கெல்லாம் படிப்பவை. சாகக் கிடக்கும் வன்தட்டில் அவற்றை முதலில் ஓட்டினால், தரவை எடுக்க இருந்த கடைசி வாய்ப்பும் போய்விடலாம். ஆகவே முதலில் பிரதி, பிறகுதான் மருத்துவம். நண்பரின் நல்ல கணினியில், வின்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் எழுதிக் கொண்டுவந்து, எங்கள் கணினியை அதிலிருந்தே இயக்கினோம். வின்டோஸ் புழு லினக்ஸில் இயங்காது. அது மறைத்துவைத்த கோப்புறைகளும் அங்கே சாதாரணமாகவே தெரியும். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளி வன்தட்டுக்குப் பிரதிசெய்தோம். நிரல் கோப்புகளையும் குறுக்குவழிகளையும் தொடவில்லை.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எங்கள் குடும்பத்தின் படங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கனடாவிலும் சுவிஸிலும் உள்ள உறவுகளிடம் கிடந்தவற்றை ஸ்கான் செய்து அனுப்பச் சொல்லி, பல வருடங்களாகச் சேர்த்தவைதான் அந்த வன்தட்டில் இருந்தன. வன்னியில் எத்தனையோ வீடுகளின் நிலைமை இதுதான். கேள்வியே இல்லாமல் போர்மட் அடிக்கும் பழக்கத்தை நான் எதிர்ப்பதற்கும் காரணம் இதுவே.

புதுக்குடியிருப்பிலிருந்து:

அண்ணா எழுதியது முற்றிலும் சரி. ஆயினும் எங்கள் மடிக்கணினியில் குற்றவாளி வைரஸாகவே இருந்தது என்பதையும் பதிய விரும்புகிறேன். வாங்கும்போதே, உரிமம் இல்லாத வின்டோஸை அக்டிவேட் செய்யும் கருவியொன்றைக் கடையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தாலும் விசிறி இரையும், திரை நின்றுவிடும். டாஸ்க் மனேஜரைத் திறந்த கணமே எல்லாம் அடங்கிவிடும். நம் கணினியின் செயலியைக் களவாகப் பயன்படுத்திக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் சில நிரல்கள், டாஸ்க் மனேஜர் திறக்கப்படுவதைக் கண்டதும் ஒதுங்கிக்கொள்ளும் வகையில் எழுதப்பட்டவை. டிபென்டர் ஏன் பிடிக்கவில்லை என்று தேடியபோது, அது சோதிக்காமல் விடவேண்டியவற்றின் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. வைரஸ் சோதனை எதையும் காட்டவில்லை என்பதால் நிம்மதி அடைபவர்கள் அந்தப் பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எங்கள் விடயத்தில் தரவைப் பிரதிசெய்துவிட்டு, மைக்ரோசொப்டின் தளத்திலிருந்தே வின்டோஸை இறக்கிப் புதிதாக நிறுவியதுதான் தீர்வாயிற்று. வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களையும் வேறொரு கணினியிலிருந்து மாற்றினோம்.

மல்லாவியிலிருந்து:

எங்களுக்கு வைரஸும் இல்லை, வன்தட்டும் பழுதில்லை. காலையில் நன்றாக இயங்கும் கணினி மத்தியானத்தில் மட்டும் நின்றுபோனது. பெட்டியைத் திறந்தபோது செயலியின் மேலுள்ள வெப்பத் தகட்டின் இடுக்குகளில் செம்மண் புழுதி கம்பளம் போலப் படிந்திருந்தது. கிரவல் வீதியோரத்து வீடு. சோளகம் வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்தினாலும் புழுதி வரும். மின்னிணைப்பைக் கழற்றி, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதிதாக இட்டதன் பின் ஒரு குறையும் இல்லை.

மீண்டும் பரந்தனிலிருந்து:

தங்கை சொன்ன விலக்குப் பட்டியலை நேற்று எங்கள் கணினியிலும் பார்த்தேன், வெறுமையாகவே இருந்தது. பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு, சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. போட்டிருக்கிறோம், கணினி இப்போது தடங்கலின்றி இயங்குகிறது. வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டதாலும், எங்கள் கணினி வின்டோஸ் 11க்குப் போதாததாலும், லினக்ஸ் மின்ட்டையே நிரந்தரமாக நிறுவிவிட்டேன். மகளின் பாட வேலைகளுக்கு லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் போதுமாக இருக்கிறது.

படங்களில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. அம்மாவின் பக்கத்துக் கலியாணப் படங்கள் இருந்த கோப்புறை மட்டும் பிரதியாகும்போது பாதியில் நின்றுவிட்டது. அதை வற்புறுத்தித் திறக்காமல் வன்தட்டைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். டிடி ரெஸ்கியூ என்ற லினக்ஸ் கருவி நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும் என்பதால், முழு வன்தட்டையும் அதைக் கொண்டு ஒரே கோப்பாகப் பிரதியெடுக்கவிருக்கிறேன். வெற்றிடம் போதுமான பெரிய வன்தட்டொன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் கருவியைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால், பாதியில் மின்சாரம் நின்றபோது விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்ததா என்பதை எழுதுங்கள். எங்கள் வீட்டில் யூ.பி.எஸ். இல்லை.