பாரிஷ் கவுன்சிலில் காலியிடம்: இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு சேர முடியுமா? கூடவே ஊஞ்சல், வரி பற்றி இரண்டு கேள்விகள்

மருதநிலம்:

வணக்கம். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஒரு சின்ன கிராமம், ஓட்டர்கள் ஐந்நூறு சொச்சம். நம்மூர் ஊராட்சி மன்றம் மாதிரியான பாரிஷ் கவுன்சிலில் ஏழு இடம். அதில் ஒன்று காலி என்று ஊர்ப் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இந்தியப் பாஸ்போர்ட், ஸ்கில்டு வொர்க்கர் விசா. மனைவிக்கு இலங்கைப் பாஸ்போர்ட், ஐஎல்ஆர் (காலவரையின்றித் தங்கும் அனுமதி) உண்டு. கிராமத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இருவரில் யாராவது சேர முடியுமா? நோட்டீஸில் "பத்து வாக்காளர்கள் கேட்டால் தேர்தல்" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

இரண்டாவது, விளையாட்டுத் திடலில் ஊஞ்சல்களைச் சங்கிலியால் கட்டி, "தலைவர் உத்தரவு" என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள். கடைசி இரண்டு கூட்டத்தின் மினிட்ஸில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் மட்டும் முடிவு செய்யலாமா?

மூன்றாவது, கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) பில்லில் பாரிஷுக்கான பங்கு பேண்ட் டி வீட்டுக்கு (வீட்டு மதிப்பின்படி ஏ முதல் எச் வரை உள்ள வரிப் பிரிவுகளில் ஒன்று) 41 பவுண்டிலிருந்து 60 ஆகிவிட்டது. இதற்கு உச்சவரம்பு கிடையாதா?

டீக்கடை பெஞ்ச்:

காமன்வெல்த் குடிமக்கள்தானே இரண்டு பேரும்? ஓட்டுப் போடலாம், நிற்கவும் செய்யலாம். தைரியமாக விண்ணப்பியுங்கள்.

கல்லணை:

மேலே சொன்னது பாதிதான் சரி. ஓட்டுரிமைக்கு ஒரு விதி, நிற்பதற்கு வேறு விதி.

ஓட்டுப் போட, செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் காமன்வெல்த் குடிமகனாக இருந்தால் போதும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவும் அதில் அடங்கும். ஆகவே நீங்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், சேர்த்தே ஆக வேண்டும். கவுன்சிலராவதற்கு 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 79ஆவது பிரிவைப் பாருங்கள். விசாவே தேவைப்படாதவராக இருக்க வேண்டும், அல்லது ஐஎல்ஆர் இருக்க வேண்டும். உங்களுக்கு இப்போது வழியில்லை. உங்கள் மனைவிக்கு உண்டு.

எட்டு மாதம் என்பது தடையா? இல்லை. 18 வயதும் குடியுரிமைத் தகுதியும் இருந்து, கீழ்க்கண்ட நான்கில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்: அந்தப் பாரிஷின் வாக்காளர் பட்டியலில் பெயர், 12 மாதம் முழுக்க அங்கே சொந்தமாகவோ வாடகைக்கோ இடம், 12 மாதமாக முக்கிய வேலையிடம் அங்கே, 12 மாதமாக பாரிஷுக்குள்ளோ எல்லையிலிருந்து மூன்று மைலுக்குள்ளோ குடியிருப்பு. பட்டியலில் பெயர் இருந்தால் மாதக்கணக்கை யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் மனைவியின் பெயர் பழைய முகவரியிலேயே கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அதே பாரிஷ் கவுன்சிலில் சம்பள வேலை பார்ப்பவர் சேர முடியாது. கடந்த ஐந்து ஆண்டுக்குள் மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கும் இடமில்லை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையானாலும் சரி.

இனி அந்தப் பத்துப் பேர் வரி. நோட்டீஸ் வெளியான பிறகு 14 வேலைநாள் அவகாசம். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை கணக்கில் வராது. அதற்குள் பத்து வாக்காளர்கள் எழுத்தில் கேட்டால் இடைத்தேர்தல் நடத்தியே ஆக வேண்டும். கடிதம் போக வேண்டியது மேலேயுள்ள பெரிய கவுன்சிலான வில்ட்ஷயர் கவுன்சிலில் இருக்கும் தேர்தல் அதிகாரிக்கு; பாரிஷின் அலுவலரான கிளார்க்குக்கு அல்ல. யாரும் கேட்காவிட்டால் மீதியுள்ள கவுன்சிலர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். இதைக் கோ-ஆப்ஷன் என்பார்கள், சிறிய ஊர்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

தேர்தல் கேட்கும் முன் யோசியுங்கள். போட்டி வந்து வாக்கெடுப்பு நடந்தால் செலவு பாரிஷின் தலையில் விழும். உங்கள் ஊர் அளவுக்குச் சில ஆயிரம் பவுண்ட் என்பது பெரிய அடி. மீதி ஆறு பேரும் தங்களுக்கு வேண்டிய ஒருவரை ஏற்கனவே பேசி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் பத்துக் கையெழுத்து வாங்குவது நியாயம்.

கோ-ஆப்ஷனில் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்துக்கு விண்ணப்பம் கேட்டு விளம்பரம் செய்ய வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இல்லை. 14 நாள் முடிந்த அடுத்த கூட்டத்திலேயே அஜெண்டாவில் போட்டு முடித்துவிடலாம். ஆகவே மனைவி இப்போதே கிளார்க்குக்கு எழுதி விருப்பத்தைப் பதிவு செய்துவிடட்டும். கூட்டத்தில் கையுயர்த்தி வாக்கெடுப்பு. வந்திருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் வேண்டும். மூன்று பேர் போட்டியிட்டு யாருக்கும் பாதி தாண்டவில்லை என்றால் கடைசியில் இருப்பவரை விலக்கிவிட்டு மறுபடி வாக்கு.

தேர்வான பின் இரண்டு காகிதம். முதலாவது பதவியேற்பு உறுதிமொழி. முதல் கூட்டத்துக்கு முன்போ அதிலேயோ, ஒரு கவுன்சிலர் அல்லது கிளார்க் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் இடம் மறுபடி காலியாகிவிடும். இரண்டாவது சொத்து, தொழில் நலன்களின் படிவம், 28 நாளுக்குள். இதில் கணவரான உங்கள் வேலையும், இருவருக்கும் அந்தப் பகுதியில் உள்ள வீடும் நிலமும் வர வேண்டும். காரணமில்லாமல் மறைப்பது 2011 லோக்கலிஸம் சட்டப்படி குற்றம், சாதாரண ஒழுங்கு மீறல் என்று நினைத்துவிடாதீர்கள். முகவரி வெளியாவதில் உண்மையான ஆபத்து இருந்தால் வில்ட்ஷயர் கவுன்சிலில் இந்தப் பதிவேட்டைக் கவனிக்கும் மானிட்டரிங் ஆபீசரிடம் சொல்லி அதை மறைக்கச் சொல்லலாம்.

சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். பாரிஷ் அடிப்படைப் படி கொடுக்கும் ஊர்களில்கூட, கோ-ஆப்ட் ஆனவர்களுக்கு அது கிடையாது.

பருத்தித்துறை:

ஊஞ்சல் கதைக்கு வாறன். அண்ணை, சேர்மன் தனியாள். கூட்டத்தை நடத்துறதும், வாக்கு சமமா வந்தால் தீர்மான வாக்குப் போடுறதும்தான் அவற்ற வேலை. கவுன்சில் தன்ர அதிகாரத்தைக் கமிட்டிக்கோ கிளார்க்குக்கோ குடுக்கலாம். ஒரு தனிக் கவுன்சிலருக்குக் குடுக்கேலாது, சேர்மனும் அதுக்குள்ளதான். "தலைவர் உத்தரவு" எண்ட அட்டைக்குச் சட்டத்தில பெறுமதி இல்லை.

ஆனால் கெதியாச் சண்டைக்குப் போகாதேங்கோ. பாதுகாப்புப் பிரச்சினை எண்டால் ஊஞ்சலை உடனடியா நிப்பாட்டக் கிளார்க்குக்கு அதிகாரம் குடுத்திருப்பினம், அது ஸ்டாண்டிங் ஓடர்ஸ் எண்ட கவுன்சில் நடைமுறை விதியில, இல்லாட்டி நிதி விதியில இருக்கும். விளையாட்டு உபகரணங்களுக்கு பிஎஸ் ஈஎன் 1176 எண்ட தரம் இருக்குது. அதின்படி மூண்டு விதப் பரிசோதனை: கிழமைக்கொருக்கால் கண்ணாலை பாக்கிறது, ஒண்டிலிருந்து மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் இயக்கப் பரிசோதனை, வருசத்துக்கு ஒருக்கால் வெளியாளின்ர முழு அறிக்கை. அந்த அறிக்கையில ஒவ்வொரு பொருளுக்கும் ஆபத்து அளவு போட்டிருக்கும். "அதிகம்" எண்டு வந்த பிறகும் திறந்து விட்டு, பிள்ளை ஒண்டு விழுந்தால் இன்சூரன்ஸ்காரன் கை விரிக்கவும் கூடும். கட்டி வைச்சது சரியாக்கூட இருக்கலாம், அட்டையில எழுதினதுதான் பிழை.

வழமையாப் பழுதாகிறது மேல் கொழுக்கியும் அதுக்குள்ள தேய்மானம் தாங்கிற வளையமான புஷ்ஷும். அடுத்தது கீழ் நிலம். மரப்பட்டைத் துகள் போட்ட இடமெண்டால் இரண்டு மீற்றர் விழும் உயரத்துக்கு 200 மில்லிமீற்றர் ஆழம் வேணும், காலாலை தள்ளுப்படுறதுக்கு மேலதிகமா இன்னொரு 100. பிள்ளையள் கால் ஊண்டுற இடத்தில குழி விழுந்து மண் தெரியும். அதைத் திரும்ப நிரப்பப் பெரிய காசு வேண்டாம். கொழுக்கி மாத்திறதும் பெரிய வேலையில்லை. ஆறு மாதம் கட்டிக் கிடக்கிற ஊஞ்சலுக்குப் பின்னாலை அனேகமா இருக்கிறது ஆரும் கொட்டேஷன் கேக்காததுதான்.

அதாலை முதல் வேலை, கடைசி வருடாந்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுக் கிளார்க்குக்கு ஈமெயில் போடுங்கோ. தர மறுத்தால் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேளுங்கோ, பாரிஷ் கவுன்சிலுக்கும் அது பொருந்தும், 20 வேலைநாள். ரெண்டாவது, அடுத்த கூட்டத்து அஜெண்டாவில "ஊஞ்சல் திருத்தம்" எண்டு ஒரு விசயமாப் போடச் சொல்லுங்கோ. அஜெண்டாவில இல்லாத விசயத்தில கவுன்சில் முடிவெடுக்கேலாது. "இதர விசயங்கள்" எண்ட தலைப்புக்குக் கீழை எடுத்த முடிவும் நிக்காது.

கூட்டத்தில இருந்து காது குடுத்துக் கேக்கிறது உங்கட உரிமை, பதிவு செய்யவும் 2014 விதிகளிலிருந்து இடமிருக்குது. பேசுறது சட்ட உரிமை இல்லை, கவுன்சில் தாற சலுகை. ஆளுக்கு மூண்டு நிமிசம், மொத்தம் பதினைஞ்சு எண்டு பல இடத்தில வைச்சிருப்பினம். 2021இல ஹேண்ட்ஃபோர்த் எண்ட ஊரின்ர பாரிஷ் கவுன்சில் கூட்ட வீடியோவைப் பார்த்து உலகமே சிரிச்சது. அதிலையும் அடிபாடு ஸ்டாண்டிங் ஓடர்ஸைப் பற்றித்தான். அதை ஒருக்கால் வாசிச்சுப்போட்டுப் போங்கோ.

அவையள் அஜெண்டாவில போட மறுத்தால், ஆறு வாக்காளர் சேர்ந்து பாரிஷ் மீட்டிங் கூட்டலாம். இது கவுன்சில் கூட்டமில்லை, ஊர்க்கூட்டம். ஏழு தெளிவான நாள் நோட்டீஸ் (ஒட்டுற நாளும் கூட்ட நாளும் சேராமல்), கூட்டுறவையின்ர கையெழுத்து, பின்னேரம் ஆறு மணிக்கு முந்தித் தொடங்கக்கூடாது. வேற இடம் இருக்கேக்கை பப்பில வைக்கவும் ஏலாது. அங்க எடுக்கிற தீர்மானம் கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நாப்பது பேர் வந்து கையுயர்த்தினால் எந்தக் கவுன்சிலும் அசையும். நீங்கள் கவுன்சிலராக ஏலாட்டியும் அந்த ஆறில ஒராளா இருக்கலாம்.

கணக்கப்பிள்ளை:

வரிக் கேள்விக்கு: பாரிஷ்களுக்கு இதுவரை உச்சவரம்பு வைக்கப்படவில்லை. பெரிய கவுன்சில்கள் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அரசு அந்த விதியைப் பாரிஷ்களுக்கு நீட்டவில்லை. ஆகவே 41இலிருந்து 60 சட்டப்படி சரி. நியாயமா என்பது வேறு.

கணக்கு இப்படி: பாரிஷ் தனக்கு வேண்டிய மொத்தத் தொகையை வில்ட்ஷயர் கவுன்சிலிடம் கேட்கிறது, அதுதான் பிரீசெப்ட். அதை ஊரின் வரி அடிப்படையால், அதாவது எல்லா வீட்டையும் பேண்ட் டி-க்குச் சமமாக்கிய எண்ணிக்கையால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு அடிப்படை 230 என்று வைத்துக்கொண்டால் 60 பவுண்ட் என்பது 13,800. பழைய 41 என்றால் 9,430. பேண்ட் ஏ வீடு ஒன்பதில் ஆறு பங்கு, 40 பவுண்ட். பேண்ட் எச் இரண்டு மடங்கு, 120.

"46 சதவீத உயர்வு" என்று கத்துவதில் பயனில்லை, சிறிய அடித்தளத்தில் எந்தச் சதவீதமும் பயங்கரமாகத்தான் தெரியும். கேட்க வேண்டியது, கூடுதலான 4,370 எங்கே போகிறது என்பது. பட்ஜெட் தாளைக் கேளுங்கள். வழக்கமான காரணங்கள்: கிளார்க்கின் மணிநேரம் கூடியது, இன்சூரன்ஸ், புல்வெட்டும் ஒப்பந்தம், வாக்கெடுப்புச் செலவு, அல்லது பல ஆண்டு ஏற்றாமல் இருப்பைத் தின்று தீர்த்தது. பொது இருப்பு மூன்று முதல் பன்னிரண்டு மாதச் செலவுக்குச் சமமாக இருப்பது ஏற்கத்தக்கது. அதற்கு மேல் காரணம் சொல்லாமல் குவித்து வைத்திருந்தால் கேள்வி கேட்கலாம். ஊஞ்சலுக்கென்று ஒதுக்கிய நிதி தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கும் பொருளின் வாட் வரியைப் பாரிஷ் திரும்பப் பெறலாம். கொட்டேஷனைப் பார்க்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஊரில் புது வீடு வந்து, அதற்கு சிஐஎல் என்கிற கட்டட வரி வசூலாகியிருந்தால் அதில் 15 சதவீதம் பாரிஷுக்கு, நெய்பர்ஹுட் பிளான் என்கிற ஊர் வளர்ச்சித் திட்டம் நிறைவேறிய ஊரென்றால் 25. அந்தப் பணத்தை ஐந்தாண்டுக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பிக் கேட்க முடியும். ஊஞ்சலுக்கு அதுவே பொருத்தமான பணம்.

வரவு, செலவு இரண்டும் 25,000 பவுண்டுக்குள் உள்ள பாரிஷ்கள் விலக்குச் சான்று கொடுத்து வெளி ஆடிட்டரின் பரிசீலனையைத் தவிர்க்கலாம். உங்கள் ஊர் அந்த வகையாகத்தான் தெரிகிறது. அதனால் கண்காணிக்கிற ஆள் நீங்கள்தான். ஒவ்வோர் ஆண்டும் 30 வேலைநாள் கணக்குப் புத்தகம், ரசீது, ஒப்பந்தம் எல்லாவற்றையும் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும். ஜூலையின் முதல் பத்து வேலைநாள் அதில் கட்டாயம் வரும். வாக்காளராகப் பதிந்தவர் ஆடிட்டரிடம் ஆட்சேபணையும் கொடுக்கலாம். விசா எதுவானாலும் இது உங்களுக்கு உண்டு.

அடுத்த வருடத் தொகையை மாற்ற மார்ச்சில் பில் வந்த பின் கிளம்பினால் வேலைக்காகாது. பட்ஜெட் பேச்சு நவம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிந்துவிடும். நவம்பர் கூட்டத்துக்குப் போங்கள்.

மருதநிலம்:

மிக்க நன்றி. மனைவி பட்டியலில் இருக்கிறார். கிளார்க்குக்கு என்ன எழுதுவது? இன்னொன்று, மெயின் ரோட்டில் வண்டிகள் பறக்கின்றன. அவர் கவுன்சிலரானால் வேக வரம்பை 20 ஆக்க முடியுமா?

கல்லணை:

முடியாது. சாலையும் வேக வரம்பும் வில்ட்ஷயர் கவுன்சிலுடையது, குழியும் அப்படியே. பாரிஷ் செய்யக்கூடியது, வில்ட்ஷயர் கவுன்சிலின் பகுதிக் குழுவான ஏரியா போர்டின் கீழுள்ள நெடுஞ்சாலைக் குழுவுக்குக் கோரிக்கை அனுப்புவதும், வேகம் காட்டும் மின்பலகைக்குப் பணம் போடுவதும். விண்ணப்பத்தில் "வேகத்தைக் குறைப்பேன்" என்று எழுத வேண்டாம், ஆறு பேரும் மனதுக்குள் சிரிப்பார்கள்.

கிளார்க்குக்குக் கடிதம் நாலு வரி போதும்: "நோட்டீஸில் கண்ட காலியிடத்துக்குக் கோ-ஆப்ஷன் நடக்குமானால் என்னைப் பரிசீலிக்கக் கோருகிறேன். பாரிஷின் வாக்காளர் பட்டியலில் உள்ளேன். ஐஎல்ஆர் பெற்ற காமன்வெல்த் குடிமகள். 1972 சட்டம் 79, 80 பிரிவுகளின்படி தகுதியுடையேன், தகுதியிழப்பு எதுவும் இல்லை. எந்தக் கூட்டத்தில் இது வரும் என்று தெரிவிக்கவும்." ஊஞ்சல் விஷயத்தை இதில் கலக்காதீர்கள். அது உங்கள் பெயரில், தனி மெயிலில் போகட்டும்.

அஜெண்டா மூன்று தெளிவான நாள் முன்னால் வெளியாக வேண்டும். ஒட்டும் நாள், கூட்ட நாள், ஞாயிறு, வங்கி விடுமுறை கணக்கில் இல்லை, சனி உண்டு. செவ்வாய் மாலை கூட்டமென்றால் வியாழனே பலகையில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒட்டியிருந்தால், தாமதம் என்பதற்குச் சான்றாக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.