ஆளைத் தேடும் முன் வீட்டை அளங்க: படுக்கையில் இருப்பவரை வடசென்னை வீடுகளில் பார்த்துக்கொள்வது பற்றி

தண்டையார்பேட்டை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ்

டிஸ்சார்ஜ் தேதி தெரிஞ்சதும் எல்லாரும் தேடுறது ஆளைத்தான். நல்ல ஆயாம்மா கிடைப்பாங்களா, ஏஜென்சி நம்பர் இருக்கான்னு கேக்குறாங்க. நம்ம பக்கம் முதல்ல பார்க்க வேண்டியது வீட்டை. ஆஸ்பத்திரியில புண்ணே இல்லாம வந்தவருக்குப் பத்து நாள்ல பெட்சோர் (படுக்கைப் புண்) வருதுன்னா, கட்டில் போட்ட இடத்தைத்தான் நான் முதல்ல பார்ப்பேன்.

தலைப்பக்கம் தூக்குற கட்டில் ஏறக்குறைய ஆறரை அடி நீளம், மூணு அடி அகலம். பத்துக்குப் பத்து போர்ஷன்ல அதைச் சுவரோட ஒட்டிப் போட்டா ஒரு பக்கம்தான் நிக்க முடியும். அப்ப புரட்டுறவங்க ஆளைத் தன் பக்கம் இழுப்பாங்க. தோல் விரிப்போட ஒட்டி நிக்கும், எலும்பு மட்டும் நகரும், வால் எலும்புக்கு மேல உள்சதை நைஞ்சு போகும். வெளிய தெரிய நாலு நாள் ஆகலாம். ரெண்டு பக்கமும் ரெண்டடி விட முடியலைன்னா பிரேக் வச்ச சக்கரக் கட்டிலா வாங்குங்க, புரட்டும்போது மட்டும் நகர்த்திக்கலாம். தோள்ல இருந்து தொடை வரைக்கும் வர்ற மாதிரி ஒரு பருத்திப் போர்வையை மடிச்சுக் குறுக்கே போட்டு, ரெண்டு பேரா அதைப் பிடிச்சுத் தூக்கி நகர்த்தணும். இழுக்கவே கூடாது.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்தணும். முழுசா ஒருக்களிச்சுப் படுக்க வச்சா இடுப்பெலும்பு மேல மொத்த எடையும் இறங்கும். முதுகுக்குப் பின்னாடி தலகாணி கொடுத்து 30 டிகிரி சாய்ச்சா போதும். கெண்டைக்காலுக்குக் கீழ தலகாணி வச்சு குதிகால் எதுலயும் படாம வைங்க. சிவந்த இடத்தை விரலால அழுத்தி எடுங்க; வெளுக்காம அப்படியே சிவப்பா நின்னா புண் ஆரம்பிச்சாச்சு. அங்க எண்ணெய் தேய்க்கிறது, பவுடர் போடுறது, நடுவுல ஓட்டை இருக்கிற ரிங் குஷன் வைக்கிறது மூணுமே கெடுதல். ரிங் அந்த இடத்தைச் சுத்தி ரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

ஏர் பெட் (பம்ப்ல காத்து நிரப்புற மெத்தை) வாங்கிட்டா புரட்ட வேண்டாம்னு கடையில சொன்னா நம்பாதீங்க. வாங்கினதும் வால் எலும்புக்கு நேரா பெட்டுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. கைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு இஞ்ச் காத்தாவது இருக்கணும். இல்லைன்னா பம்ப்ல எடைக்கு ஏத்த அழுத்தம் வைக்கலைன்னு அர்த்தம். மேல ஒரே ஒரு விரிப்பு, அதுவும் தளர்வா. ரப்பர் ஷீட், போர்வை, டவல்னு அடுக்கினா பெட் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வியாசர்பாடி, பிசியோதெரபிஸ்ட்

நர்ஸ் அக்கா கட்டில் இடத்தைப் பார்க்கச் சொன்னாங்க; இஞ்ச் டேப்பை பாத்ரூம் கதவுக்கும் எடுத்துட்டுப் போங்க. சாதாரண வீல்சேர் வெளிப்பக்கம் 25, 26 இஞ்ச் வரும். பழைய வீடுகள்ல பாத்ரூம் கதவு 24 இஞ்ச்தான். வீல்சேர் வாங்கிட்டு வந்து வாசல்ல நிக்கிற வீடுகள் நிறைய. கதவைக் கழட்டிட்டு திரைச்சீலை போட்டா ஒண்ணு ரெண்டு இஞ்ச் கிடைக்கும். அப்பவும் நுழையலைன்னா சக்கரம் வச்ச குறுகலான கமோடு சேர்தான் வழி.

ஹவுசிங் போர்டு மூணாவது, நாலாவது மாடி, லிஃப்ட் இல்லைன்னா ஸ்ட்ரெச்சர் படித் திருப்பத்துல திரும்பாது. ஆளை உட்கார வச்சுத்தான் இறக்கணும். பிளாஸ்டிக் சேர் வேண்டாம், எடை தாங்காம கால் விரியும். கைப்பிடி வச்ச இரும்புச் சேர் எடுங்க. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் சேலையால தனித்தனியா கட்டுங்க. முகம் படி இறங்குற திசையைப் பார்த்து இருக்கணும், சேர் பின்னுக்குச் சாய்ஞ்சு வரணும். ஒருத்தர் மேல முதுகுப்பக்கம், ஒருத்தர் கீழ முன்கால் பக்கம், மூணாவது ஆள் கீழ இருக்கிறவர் முதுகைத் தாங்கிக்கிட்டு படி எண்ணிச் சொல்லணும். காலிச் சேரை வச்சு ஒரு தடவை இறக்கிப் பாருங்க. மூச்சுத் திணறுற ராத்திரியில முதல் தடவையா இதைச் செய்யக் கூடாது.

ராயபுரம், ஏஜென்சியில் ஆள் அனுப்பும் பொறுப்பில் இருப்பவர்

வந்த ஆள் மூணாவது நாளே ஏன் நின்னுடுறாங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. சம்பளம் ஒரு காரணம். அதை விடப் பெரிய காரணம் கக்கூஸ். நாலு போர்ஷனுக்கு ஒரு பொதுக் கழிவறை, சாவி வீட்டுக்காரம்மா கையில, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வர்ற பொம்பளை யாரைக் கேட்டு எப்பப் போறது? பேசும்போதே இதைத் தீர்த்து வச்சுடுங்க. அடுத்து, ராத்திரி எங்க தலை சாய்க்கிறது, சேலை மாத்துறது எங்க. இதெல்லாம் கேக்க அவங்க கூச்சப்படுவாங்க, கேக்காமலே போயிடுவாங்க.

24 மணி நேர ஆள்னா 24 மணி நேரமும் முழிச்சிருக்கிற ஆள் இல்லை. பகல் பூரா தூக்கிப் புரட்டினவங்களை ராத்திரி பன்னிரண்டு, ரெண்டு, நாலு மணிக்கும் எழுப்பினா ஒரு வாரம் தாங்காது. ராத்திரி ரெண்டு முறையை வீட்டு ஆள் ஒருத்தர் எடுத்துக்கணும். நல்ல மெத்தை இருந்து தோல்ல எங்கயும் சிவப்பு இல்லைன்னா ராத்திரி இடைவெளியை நீட்டலாமான்னு நர்ஸைக் கேளுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க.

எங்ககிட்ட மறைக்காம சொல்ல வேண்டியது: பேஷண்ட் எடை, எத்தனை டியூப், ராத்திரி தூங்குவாரா, கத்துவாரா அடிப்பாரா, எத்தனாவது மாடி, தூக்கக் கூட யார் இருப்பாங்க. 80 கிலோ ஆளை 60ன்னு சொல்லி ஆள் எடுத்தா, வந்தவங்க இடுப்பு பிடிச்சுக்கிட்டுப் போறதுதான் நடக்கும். நீங்க எங்களைக் கேக்க வேண்டியது: வார லீவுக்கு மாத்து ஆள் உண்டா, நின்னுட்டா எத்தனை நாள்ல அடுத்த ஆள், முன்பணம் திரும்புமா, நீங்க கொடுக்கிறதுல வேலை செய்யிறவங்க கைக்கு எவ்வளவு போகுது. கடைசிக் கேள்விக்கு மழுப்புற இடத்துல ஆள் நிலைக்க மாட்டாங்க.

நர்ஸ்னு சொல்லி அனுப்பினா தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு எண் கேளுங்க. ஊசி, மூக்கு டியூப் மாத்துறது, தொண்டைத் துளையில சளி உறிஞ்சுறது எல்லாம் கத்துக்காத உதவியாளர் கையில விடக் கூடாது. வீட்டு வேலை ஆட்களுக்கான போலீஸ் சரிபார்ப்பு தமிழ்நாடு காவல்துறை இணையதளத்துலயே விண்ணப்பிக்கலாம். ஷிஃப்ட் மாறுற நேரத்தை எட்டுன்னு வைக்காம ஏழுன்னு வச்சுப் பாருங்க. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடுன்னா, காலையில கேட் போட்டா வர்றவங்களும் மாட்டுவாங்க, போறவங்களும் மாட்டுவாங்க.

திருவொற்றியூர், உபகரணம் வாடகைக்குக் கொடுப்பவர்

கரண்ட் பத்தி யாரும் சொல்லலையே. 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காத்துல இருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுத் தர்ற மிஷின்) சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டுல இருக்கிற 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி புதுசா இருந்து, வேற எதுவும் ஓடலைன்னா மூணு மணி நேரம் தாங்கலாம். பராமரிப்புக்காக காலையில கரண்டை நிறுத்தினா மதியம் ரெண்டு மணி வரைக்கும் வராது. அந்த நேரத்துக்கு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு கட்டாயம். அதுல ஏறக்குறைய 1,500 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 2 லிட்டர்னா பன்னிரண்டு மணி நேரம், 5 லிட்டர்னா அஞ்சு மணி நேரம். ரெகுலேட்டரை மாட்டியே வைங்க, திறக்கிற சாவியைச் சிலிண்டர் கழுத்துலயே கட்டுங்க, வாரம் ஒரு தடவை திறந்து மீட்டர் முள்ளைப் பாருங்க. தேவைப்படும்போது சாவி காணாம போறதுதான் அடிக்கடி நடக்குது. ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பு ஆபத்து. ஒரே ரூம்ல சமையலும் நடந்தா அடுப்பையோ பேஷண்டையோ மாத்தியாகணும். சாமி விளக்கும் ஊதுவத்தியும் அந்த ரூம்ல வேண்டாம்.

கான்சன்ட்ரேட்டர் பின்னாடி இருக்கிற ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவணும்னு சொல்லுவாங்க. மணலி, எண்ணூர் பக்கம் இருக்கிற தூசிக்கு ரெண்டு முறை கழுவுங்க. சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல நல்லாக் காய வச்சு மாட்டணும், ஈரத்தோட மாட்டாதீங்க. மாத்திப் போட இன்னொரு ஃபில்டர் கையில இருக்கட்டும். கரண்ட் போனா மின்வாரியத்தோட புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. ஆக்சிஜன்ல ஒருத்தர் இருக்காருன்னு ஏரியா மின்வாரிய ஆபீஸ்ல முன்னாடியே எழுதிக் கொடுத்துடுங்க. ஏர் பெட் சாதாரண வகையில கரண்ட் போனதும் காத்து இறங்கிடும். குழாயை மடிச்சு கிளிப் போட்டா கொஞ்ச நேரம் நிக்கும். அதுக்காகவே அடியில ஒரு ஃபோம் மெத்தை இருக்கணும்.

புளியந்தோப்பு, தண்டுவடப் பாதிப்புள்ளவர்களுக்கு உதவும் குழு

இது சின்ன விஷயம், ஆனா உயிர் விஷயம். நடு மார்பு மட்டத்துலயோ அதுக்கு மேலயோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீர்னு தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வைன்னு வந்தா முதல்ல தலைவலி மாத்திரை தேடாதீங்க. யூரின் டியூப் மடங்கியிருக்கா, அடைச்சிருக்கா, பேக் நிரம்பியிருக்கான்னு பாருங்க. பிரஷர் ஏகத்துக்கும் ஏறியிருக்கும். உட்கார வச்சு, இறுக்கமான துணியைத் தளர்த்தி, டியூப்பைச் சரி பண்ணுங்க. அடங்கலைன்னா உடனே 108. பேக் எப்பவும் சிறுநீர்ப்பைக்குக் கீழ தொங்கணும், தரையில படக் கூடாது. தூக்கி மடியில வச்சுக்கிட்டு வீல்சேர் தள்ளாதீங்க.

கொருக்குப்பேட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்

எல்லாத்துக்கும் சாவி யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை. அது இல்லாம மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அலைய வேண்டாம். கடுமையான ஊனத்துக்கு 75 சதவீதம், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும் தசைச்சிதைவு உள்ளவர்களுக்கும் 40 சதவீதம் கேக்குறாங்க. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் இருந்தா மத்திய அரசோட நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் போடுங்க, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல இருந்து நடக்குது. பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்னு நினைச்சுக்கிட்டு பல பேர் பிசியோவும் வலிநிவாரண நர்ஸும் கேக்கறதே இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு, மூணையும் தனித்தனியா சொல்லிக் கேளுங்க.

பேங்க்ல கையெழுத்து போட முடியலைன்னு பணம் முடங்கிக் கிடக்கிற வீடுகள் உண்டு. கைரேகையோ, கை வராதவருக்குக் கால் கட்டைவிரல் ரேகையோ ரெண்டு சாட்சி முன்னால வாங்கலாம்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு; சாட்சியில ஒருத்தர் பேங்க் அதிகாரியா இருக்கணும். மேனேஜருக்கு எழுத்துல கொடுங்க, வாயால கேட்டா நாளைக்கு வாங்கம்பாங்க.

வியாசர்பாடி, பிசியோதெரபிஸ்ட்

மழைக்கு ஒண்ணு சேர்த்துக்குறேன். வழியில இருக்கிற சப்வேயில தண்ணி நின்னா ஆம்புலன்ஸ் சுத்தித்தான் வரணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி மழை சொன்னாங்கன்னா, தரைத்தளத்துல இருக்கிறவரைத் தெருவுல தண்ணி வர்றதுக்கு முந்தின நாளே மாத்துங்க. முழங்கால் தண்ணியில நாலு பேர் சேர்ந்தும் ஒருத்தரைத் தூக்க முடியாது. ஒரு வார மருந்து, டயபர், ஒரு யூரின் பேக், மருத்துவ ஃபைல் எல்லாம் ஜிப் கவர்ல இருக்கட்டும்.

தண்டையார்பேட்டை, வீட்டு நர்ஸ்

மூக்கு டியூப்ல கேழ்வரகு கஞ்சி கொடுக்கலாமான்னு தனியா கேட்டிருந்தாங்க, எல்லாருக்கும் ஆகும்னு இங்க எழுதுறேன். கொடுக்கலாம். ஆனா ஆறினா இறுகும், அதுதான் டியூப் அடைக்குது. தண்ணியா காய்ச்சி, மெல்லிய துணியில ரெண்டு தடவை வடிகட்டி, வெதுவெதுப்பா இருக்கும்போதே ஒரு வேளைக்கு 200 மில்லி. முன்னாடியும் பின்னாடியும் 30 மில்லி தண்ணி விடணும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கணும், முடிஞ்சும் அரை மணி நேரத்துக்கு மேல அப்படியே. மூக்கு ஓரத்துல டியூப் மேல போட்ட பேனா அடையாளம் நகர்ந்திருந்தா ஒரு சொட்டுத் தண்ணிகூட விடாதீங்க, நர்ஸைக் கூப்பிடுங்க. அடைச்சா 50 மில்லி சிரிஞ்ச்ல வெதுவெதுப்பான தண்ணி இழுத்து மெதுவா முன்னும் பின்னும் அசைங்க. 5 மில்லி சிரிஞ்ச்ல அழுத்தம் அதிகம், டியூப் வெடிச்சுடும். கம்பி விட்டுக் குத்தவே குத்தாதீங்க. மாத்திரையை ஒவ்வொண்ணா தனியா பொடிச்சுக் கரைங்க. மெதுவா கரையற வகை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, அதுக்கு மாத்து மருந்து எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட டிஸ்சார்ஜ் அன்னிக்கே கேட்டு வாங்கிடுங்க.