எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு மேலுதட்டில் த்ரெட்டிங் செய்யலாமா?

செங்கோட்டை_அம்மா:

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மேலுதட்டுப் பூனைமுடி கொஞ்ச நாளாகக் கருப்பாகத் தெரிகிறது. வகுப்புப் பையன்கள் ஏதோ பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம், என்ன பெயர் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். போன வாரம் அவள் அப்பாவின் ரேசரை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள், நான் பார்த்து வாங்கி வைத்தேன்.

பார்லருக்குக் கூட்டிப் போய் த்ரெட்டிங், அதாவது நூலால் முடியை எடுக்கச் சொல்லலாம் என்றால் மாமியார் விடவில்லை. "நூல் வச்சா தாடி மாதிரி மொளைக்கும், கஸ்தூரி மஞ்சள் பூசு" என்கிறார். இந்த வயதில் செய்யலாமா? முடி தடிமனாகிவிடுமா? ரொம்ப வலிக்குமா? ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளை இவள். நான் புருவம்கூட எடுத்ததில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது.

மல்லிகை_மணம்:

பார்லர் எல்லாம் வேண்டாம் சகோதரி. குப்பைமேனி இலை, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்குப் பொடி மூன்றையும் அரைத்து ராத்திரி பூசிவிட்டுக் காலையில் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். எங்கள் பாட்டி காலத்து வழி.

நூல்கண்டு_மதுரை:

நான் மதுரையில் சின்னதாகப் பார்லர் வைத்திருக்கிறேன். எங்கள் கடைக்கு வருகிற அம்மாக்களில் பாதிப் பேர் கேட்பது இதே கேள்விதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தடிமன் ஆகாது. நூல் முடியை வேரோடு இழுக்கிறது. திரும்ப வரும் முடி கூர்மையான நுனியோடு புதிதாக முளைக்கும். ரேசர் நடுவில் வெட்டிவிடுவதால் நுனி மொட்டையாக நிற்கும், தொட்டால் குத்தும். அதைத்தான் தடித்துவிட்டது என்கிறார்கள். ரேசராலும் வேர் மாறுவதில்லை.

அப்படியானால் மாமியார் பார்த்தது பொய்யா என்றால், அதுவும் இல்லை. பெண்பிள்ளைகள் முதல்முறை நூல் வைக்க வருவது பதின்மூன்று, பதினாலு வயதில். அந்த வயதில் ஹார்மோன் மாற்றத்தால் பூனைமுடி தானாகவே கருத்துத் தடிக்கும். நூல் வைக்காவிட்டாலும் அது நடக்கும். பழி நூல் மேல் விழுகிறது!

வலி இருக்கும், மறைக்க மாட்டேன். புருவத்தைவிட மேலுதடு அதிகம் வலிக்கும். கண்ணில் தண்ணீர் வரும், சில பிள்ளைகளுக்குத் தும்மலே வந்துவிடும். ஆனால் இரண்டு மூன்று நிமிஷ வேலைதான். நாக்கை மேலுதட்டுக்கு உள்பக்கமாக அழுத்தித் தள்ளச் சொல்வோம், தோல் விறைப்பாக நின்றால் வலி குறையும். முகத்தில் பவுடர் போடுவதும் ஈரம் இல்லாமல் நூல் முடியைப் பிடிக்கத்தான். பீரியட்ஸ் நாட்களிலும் அதற்கு முந்தின ஓரிரு நாளிலும் வேண்டாம், சிலருக்கு அப்போது வலி கூடுதலாகத் தெரியும்.

பார்லரில் நீங்கள் கவனிக்க வேண்டியது நூலை. உங்கள் கண்முன் கண்டிலிருந்து புதிதாக அறுக்க வேண்டும். போன ஆளுக்கு வைத்த நூலை மேஜையிலிருந்து எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு முனையை வாயில் கடித்துக்கொண்டு செய்வது எங்கள் பழக்கம். பிடிக்கவில்லை என்றால் கழுத்தில் மாட்டிச் செய்யச் சொல்லுங்கள், தெரிந்தவர்கள் செய்வார்கள். பருத்தி நூல்தான் முடியைப் பிடிக்கும், பாலியஸ்டர் வழுக்கும். கைதேர்ந்தவராகவும் பாருங்கள். புதிதாகப் பழகுகிறவர் கையில் நூல் தோலைச் சேர்த்துப் பிடித்தால் கோடு கோடாக வெட்டு விழும்.

முடிந்ததும் ஐஸை மெல்லிய துணியில் சுற்றி ஒற்றுங்கள், அப்புறம் சோற்றுக்கற்றாழை. அன்றைக்கு மஞ்சள், பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம், வெயிலில் அலையவும் வேண்டாம். சிவப்பு சில மணி நேரத்தில் போய்விடும். சிலருக்கு மறுநாள் சின்னச் சின்னப் பொரி வரும். கிள்ளாமல் விட்டால் அடங்கும், கிள்ளினால் நம் நிறத்துக்குக் கருப்புத் தழும்பு நின்றுவிடும். முடி மூன்று நான்கு வாரத்தில் திரும்ப வரும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை, அதனால் பத்து நாளிலேயே ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். அதற்காக உடனே ஓடி வர வேண்டாம்.

மல்லிகை_மணம் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பொடி வேரைத் தொடாது. காய்ந்தபின் பரபரவென்று தேய்க்கும்போது மெல்லிய முடி கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்கப் பூசித் தேய்த்து மேலுதடு கன்னங்கரேலென்று ஆன பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பிஜி_தோல்பிரிவு:

தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். மேலே சொன்னது சரி. சில விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

மேலுதட்டில் மட்டும் பூனைமுடி கருத்திருந்தால் அது நோய் இல்லை. பெரும்பாலும் குடும்ப வாகு. தாடை, நெஞ்சு, அடிவயிறு, முதுகு என்று தடித்த முடி பரவினால் கவனிக்க வேண்டும். ஃபெரிமன்–கால்வே என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு, உடம்பின் 9 இடங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை போடுவோம். கூடவே முகப்பரு அதிகமாக இருந்தாலோ, பிடரி கருத்துத் தடித்திருந்தாலோ, மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வயதுக்கு வந்த முதல் வருஷம் சுழற்சி ஒழுங்கில்லாமல் இருப்பது சகஜம், அதை வைத்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்கிற ஹார்மோன் பிரச்சினை) என்று பயப்பட வேண்டாம். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வளரிளம் பெண்களுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் முடிவு செய்யக் கூடாது என்றே சொல்கிறது. யாராவது நேராக ஸ்கேனுக்கு அனுப்பினால் ஏன் என்று கேளுங்கள்.

பருவுக்கு அடாப்பலீன், ட்ரெட்டினாயின் மாதிரி கிரீம் பூசுகிறாளா? பூசினால் வாக்ஸ் கூடவே கூடாது, தோல் உரிந்து வந்துவிடும். நூல் அந்த அளவுக்கு ஆபத்தில்லை, ஆனாலும் சில நாள் முன்பே கிரீமை நிறுத்துங்கள். மரு, அம்மை மாதிரிக் கட்டி, புண் இருக்கிற இடத்தில் நூல் வைக்கவே கூடாது, கிருமி பரவும். முகத்துக்கு லேசர் இந்த வயதில் அவசரமே இல்லை. மெல்லிய முடியில் லேசர் வைத்தால் சிலருக்கு முடி அதிகமாகவே முளைக்கும்.

கூடைப்பந்து_ஜெயா:

பிள்ளைக்கு இஷ்டமா என்று கேட்டீர்களா? ரேசரை எடுத்திருக்கிறாள் என்றால் இஷ்டம்தான் போல. ஆனால் என்னை என் அம்மா கேட்காமலே பார்லர் நாற்காலியில் உட்கார வைத்தார். எனக்கு மீசை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் வகுப்பில் யாரிடமாவது பேசும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொள்வேன். அந்தப் பட்டப்பெயர் விஷயத்தை டீச்சரிடமும் சொல்லுங்கள். நூல் வைத்தாலும் அந்தப் பையன்கள் வேறு ஏதாவது கண்டுபிடிப்பார்கள்.

செங்கோட்டை_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. அவளிடம் கேட்டேன், "அம்மா, ப்ளீஸ்" என்றாள். பருவுக்கு எந்தக் கிரீமும் போடுவதில்லை. வகுப்பு டீச்சரிடம் நாளை பேசுகிறேன். வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டு விழா, அவள் நடனம் ஆடுகிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் போகலாமா?

நூல்கண்டு_மதுரை:

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. முதல்முறை வைக்கிற பிள்ளைக்குப் பொரி வருமா என்று யாராலும் சொல்ல முடியாது, அதன் மேல் மேடை மேக்கப் வேறு அப்புவார்கள். திங்கள்கிழமையே போய்விடுங்கள், இல்லையென்றால் விழா முடிந்து போங்கள். மேலுதடு மட்டும் சொல்லுங்கள். "அப்படியே புருவத்தையும் ஷேப் பண்ணிடவா" என்று பார்லரில் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நானும் கேட்கிறவள்தான், அதனால் சொல்கிறேன்.