காதுகுத்தும் கார் றெக்கையும்

குழு: பொன்னாத்தா குடும்பம்
வியாழன், இரவு 8:12

மல்லிகா அத்தை: சாந்தி, நம்ம கௌதம் காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு கார் ரேஸ் ஓட்டறானாமா? செட்டிபாளையத்துச் சம்பந்தி நேத்து கரி ரேஸ் டிராக் கேட்டுகிட்ட ஹெல்மெட்டோட பாத்தாங்களாம்

சாந்தி: என்னங் நங்கை சொல்றீங்க

சாந்தி: லேப் இருக்குதுன்னுதான போனான்

சாந்தி: கௌதம், போன எடு

பெரியப்பா: சம்பந்திக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வேற பையனா இருக்கும்

மல்லிகா அத்தை: கண்ணு ஆபரேசன் பண்ணி ஆறு மாசம் ஆச்சுங்ண்ணா. இப்ப நம்மள விட நல்லாத் தெரியுது

ரேவதி: ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியிலதான் உக்கார வெக்கோணும். கைகால உடைச்சுக்கிட்டு வந்து நிக்காதடா

சாந்தி: துபாயில அஜித்து வண்டி சுத்திச் சுத்திச் செவுத்துல மோதுனத வீடியோவுல பாத்ததுல இருந்து எனக்கு அந்தச் சத்தமே ஆகாது

பழனிச்சாமி: வரட்டும்

செந்தில் மாமா: அஜித்துக்கு ஒண்ணும் ஆகல. அந்த ரேஸ்லயே அவரு டீமு அவுங்க பிரிவுல 3வது வந்துச்சு

சாந்தி: அதுக்கு

(8:31)

கௌதம்: எல்லாரும் பயப்படாதீங்க. நான் வண்டி ஓட்டல. ஓட்டறது எங்க டீம்ல வேற பையன். சம்பந்தி பாத்த ஹெல்மெட் அவனுது, நான் தூக்கிட்டுப் போனேன். பார்முலா பாரத்னு காலேஜ் பசங்களுக்கு ஒரு போட்டி. பசங்களே வண்டி செஞ்சு கரி டிராக்குக்குக் கொண்டாரோணும். அதுல எனக்கு றெக்கை வேலை

செந்தில் மாமா: காருக்கு எதுக்குடா றெக்கை. பறக்கப் போகுதா

கௌதம்: பறக்காம இருக்கத்தான் மாமா. ஏரோப்ளேன் றெக்கையக் கவுத்து மாட்டுன மாதிரி. காத்து அடிக்க அடிக்க வண்டியக் கீழ அமுக்கும். டயர் ரோட்டக் கெட்டியாப் புடிச்சுக்கும், வளைவுல வேகமாத் திரும்பலாம். ஆனா அதே றெக்கை நேர் ரோட்டுல பின்னால இழுக்கும். வேகம் ரெண்டு மடங்கானா இழுவை நாலு மடங்கு. அதனால ஒரு ரோட்டுக்கு ஆகற றெக்கை இன்னொரு ரோட்டுக்கு ஆகாது

மல்லிகா அத்தை: சாந்தி, தேங்கா எத்தன சொல்லியிருக்குது?

சாந்தி: 51ங்

ரேவதி: 101ன்னு பேசுனோமே

கார்த்தி: டேய் மோன்சா, மொனாக்கோ சொல்லு. அப்பத்தான் புரியும்

கௌதம்: சொல்றேன். ரெண்டும் பார்முலா 1 கார் ரேஸ் நடக்கற எடம். இத்தாலியில மோன்சா, 5.793 கிலோமீட்டர். பெரும்பாலும் நேர் ரோடு, 350 கிலோமீட்டர் வேகம் தொடும். அங்க பட்டாக்கத்தி மாதிரி மெல்லிசு றெக்கை. 2025ல வெர்ஸ்டாப்பன்ங்கற டிரைவர் குவாலிஃபையிங்ல, அதாவது ரேஸ்ல யாரு முன்னால நிக்கறதுன்னு முடிவு பண்ற ஓட்டத்துல, ஓட்டுன ரவுண்டுக்குச் சராசரி வேகமே 264க்கு மேல. மொனாக்கோ ஊருக்குள்ள தெரு, 3.337 கிலோமீட்டர்தான். ஒரு ஊசி வளைவுல நம்ம மொபெட் வேகத்துக்கு வந்துதான் திரும்பணும். அங்க இருக்கறதுலயே பெரிய றெக்கை. அவினாசி ரோட்டுல போற வண்டியும், ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏர்ற வண்டியும் ஒரே மாதிரி இருந்தா ஆகுமா? அது மாதிரித்தான்

பெரியப்பா: வால்பாறைக்கு 1994ல நான் ஜீப்புல போயிருக்கறேன்

மல்லிகா அத்தை: தெரியும்ங்ண்ணா. எனக்கு வாந்தி வந்தும் நிறுத்துல

கௌதம்: பெல்ஜியத்துல ஸ்பாங்கற டிராக் இன்னும் செரமம். 7 கிலோமீட்டர். முன்னாலயும் கடைசியிலயும் நேர் ரோடு, நடுவுல பூராம் வளைவு. மெல்லிசு வெச்சா நடுவுல நேரம் போகும், பெருசு வெச்சா நேர் ரோட்டுல பின்னால வர்றவன் தாண்டிருவான். ஒவ்வொரு டீமும் ஒவ்வொரு மாதிரி முடிவெடுக்கும். மெக்சிகோ சிட்டி அத விட ஆச்சரியம். அது நம்ம ஊட்டி ஒசரத்துல இருக்குது, 2,200 மீட்டருக்கு மேல. காத்து அஞ்சுல ஒரு பங்கு கம்மி. மொனாக்கோ றெக்கைய மாட்டுனாலும் மோன்சா அளவுக்குத்தான் அமுக்கும்

ரேவதி: ஆசாரி 9 மணிக்கே வந்தர்றாராம். பாப்பாவுக்குத் தோடு யாரு எடுக்கறது, தாய்மாமன் காசு வெச்சிருக்கறானா இல்ல அதுவும் றெக்கைக்குப் போயிருச்சா

கௌதம்: அக்கா 🙏 தோடு எடுத்தாச்சு, அம்மா பீரோவுல இருக்குது

சாந்தி: ஆமா

கார்த்தி: 2010 மோன்சா?

கௌதம்: எனக்கு ரொம்பப் புடிச்ச கதை. மெக்லாரன் டீமுல ரெண்டு டிரைவர், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வண்டி. ஹாமில்டன் எல்லாரு மாதிரியும் மெல்லிசு றெக்கை. ஜென்சன் பட்டன் மட்டும் பெருசு, கூட எஃப்-டக்ட்னு ஒரு காத்து வழி. நேர் ரோட்டுல டிரைவர் ஒரு ஓட்டைய மூடுனா காத்து வேற வழியாப் போயி றெக்கையோட இழுவையக் கொறைச்சிரும். குவாலிஃபையிங்ல பட்டன் 2வது, ஹாமில்டன் 5வது. ரேஸ் ஆரம்பிச்சதும் பட்டன் முன்னால போயிட்டாரு, டயர் மாத்தற வரைக்கும் அவருதான் முன்னால. அப்பறம் பெராரியில அலோன்சோ தாண்டி ஜெயிச்சாரு, பட்டன் 2வது. ஹாமில்டன் மொத ரவுண்டுலயே மாஸா வண்டியில தட்டி நின்னுட்டாரு, அது றெக்கையால இல்ல

செந்தில் மாமா: இரு இரு. மேல எதாச்சும் இருந்தா காத்து இழுக்கும், வேகமாப் போனா இன்னும் இழுக்கும். அதான?

கௌதம்: ஆமாங் மாமா

செந்தில் மாமா: அப்ப வண்டி மேல கேரியர் இருந்தா?

கௌதம்: நல்லா இழுக்கும். எந்த ரோடு, எவ்ளோ வேகம்?

செந்தில் மாமா: சேலம் பைபாஸ். நூறு, நூத்திப்பத்து. கேரியர்ல ரெண்டு பித்தளை அண்டா, மேல தார்ப்பாய்

கௌதம்: 60ல போனா பெருசாத் தெரியாது. 110ல அதே கேரியருக்கு இழுவை மூணு மடங்குக்கு மேல. தார்ப்பாய் படபடன்னு அடிச்சா இன்னும் மோசம். டீசல் குடிச்சிருக்கும்

செந்தில் மாமா: லிட்டருக்கு 16 குடுக்கற வண்டி 12தான் குடுத்துச்சு, எங்கெங்க சுத்துனீங்கன்னு எட்டு வருசமா என்னையக் கேக்கறாங்க. எங்கயும் சுத்துல. சேலத்துக் கல்யாணத்துக்குப் போனேன், வந்தேன்

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மல்லிகா அத்தை: அண்ணா என்ன போட்டு அழிச்சீங்க

பெரியப்பா: கை பட்டிருச்சு

பெரியப்பா: அண்டா ஏத்துனது எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. காது குத்துல பேசிக்கலாம்

செந்தில் மாமா: சரிங் மச்சான்

மல்லிகா அத்தை: கௌதமு, என்ற செவப்பு உல்லன் நூலு காணம். போன வாரம் நீதான வந்த

கௌதம்: நானேதான் அத்தை, மன்னிச்சுக்குங்க. விரல் நீளத்துக்கு வெட்டி றெக்கைக்கு அடியில வரிசையா ஒட்டியிருக்கோம். வண்டி ஓடறப்ப நூலு படிஞ்சு நேராக் கெடந்தா காத்து றெக்கையோட ஒட்டிப் போகுதுன்னு அர்த்தம். ஆடுச்சுன்னா காத்து விட்டுப் போச்சு, அமுக்காது. பக்கத் தட்டுல அஞ்சு ஓட்டை போட்டு வெச்சிருக்கோம், போல்ட்ட மாத்தி மாத்திக் கோணத்த ஏத்தலாம், எறக்கலாம். நேத்து மூணாவது ஓட்டை வரைக்கும் நூலு படிஞ்சு கெடந்துச்சு. நாலாவதுல மாட்டுனதும் பின் வரிசை பூராம் ஆட ஆரம்பிச்சிருச்சு. வெள்ளை நூலா இருந்திருந்தா கேமராவுல தெரிஞ்சே இருக்காது

மல்லிகா அத்தை: பாப்பாவுக்குக் குல்லா பின்ன வெச்சிருந்தேன் கண்ணு

மல்லிகா அத்தை: சரி விடு. வேலைக்காச்சுல்ல

சாந்தி: மொட்டமாடியில கெடக்கற அந்த றெக்கை அச்ச எடுத்தா மொளகா காயப்போடுவேன்

பழனிச்சாமி: உங்களுது எந்த ரோடு. மோன்சாவா, மொனாக்கோவா

கௌதம்: மொனாக்கோ மாதிரிதாங் அப்பா. கூம்பு வெச்சு வளைச்சு வளைச்சு விடுவாங்க, வேகம் கம்மி. அதனால பெரிய றெக்கை. ஆனா 75 மீட்டர் நேரா ஓட்டற போட்டியும் இருக்குது, எட்டுப் போடறதும் இருக்குது. எட்டுக்கு மூணாவது ஓட்டை, நேருக்கு மொத ஓட்டைன்னு நெனைக்கறேன். அதப் பாக்கத்தான் ஞாயித்துக்கிழமை டெஸ்ட்டிங். 8ல இருந்து 12 வரைக்கும்தான் டிராக் கெடைச்சிருக்குது

ரேவதி: ஞாயித்துக்கிழமையா

ரேவதி: முகூர்த்தம் 9ல இருந்து 10:30

(9:04)

ரேவதி: நீ வராம வேற யாரு மடியிலயும் உக்கார வெக்க மாட்டேன். அவ்ளோதான்

கௌதம்: வர்றேங்க்கா. வராம இருப்பனா. டீம்ல திவ்யாவுக்கு எந்த ஓட்டை, எத்தன ரவுண்டுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தர்றேன். நூலு வீடியோவ அவ அனுப்புனா கோயில்ல இருந்தே பாத்துச் சொல்லீருவேன். அவகிட்ட இன்னும் கேக்கல

பழனிச்சாமி: கேளு. முந்துன நாளு ராத்திரியே வந்தரோணும்

கௌதம்: சனிக்கிழமை ராத்திரி பசை காயோணுங் அப்பா. விடியக்காலம் கெளம்புனாப் போதாதா

பழனிச்சாமி: நாளைக்குப் பேசலாம்

கார்த்தி: கோயில்ல சிக்னல் கெடைக்காதேடா

கௌதம்: கெணத்து மேட்டுல கெடைக்கும்

சாந்தி: பாத்திரமெல்லாம் எதுல போகுது?

பெரியப்பா: நம்ம வண்டியிலதான். கேரியர்ல ஏத்திக்கலாம்

பெரியப்பா: கௌதமு, காங்கேயம் ரோட்டுல அறுபதுல போனா ஆகுமா

கௌதம்: ஆகுங் பெரியப்பா. தார்ப்பாய மட்டும் இறுக்கிக் கட்டுங்க. வந்ததும் கேரியரக் கழட்டீருங்க, சும்மா இருந்தாலும் இழுக்கும்

பெரியப்பா: கழட்டறதுக்கு 12-13 ஸ்பேனர் வேணும். என்றது காணம்

செந்தில் மாமா: எங்கிட்டத்தான் இருக்குதுங் மச்சான். சேலம் போனப்ப எடுத்தது. ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்

மல்லிகா அத்தை: தேங்கா 51ஆ 101ஆ, யாராச்சும் சொல்லுங்க