மூளை ஆர்கனாய்டுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கார்முகில்:
எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும் ஆர்கனாய்டை எல்லோரும் "குட்டி மூளை" என்று எழுதுவதை நிறுத்துங்கள். ஆய்வகத் தட்டில் வளரும் மூளைச் செல்களின் சுமார் 4 மில்லிமீட்டர் உருண்டை அது. ரத்தக் குழாய் கிடையாது, அதனால் நடுவில் இருக்கும் செல்களுக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேராமல் அவை செத்துவிடுகின்றன. இதைப் பார்த்துவிட்டுக் கருவின் மூளை இப்படித்தான் வளர்கிறது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நெய்தல்:
பெயர் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேறு எதில் பார்ப்பீர்கள்? எலியிலா? 2013இல் வியன்னாவில் லங்காஸ்டர், நோப்லிக் என்ற ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டியபோது, பிறவியிலேயே தலை சிறுத்துப்போன ஒருவரின் தோல் செல்களை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்துதான் ஆர்கனாய்டு வளர்த்தார்கள். அவருடைய குறைக்குக் காரணமான அதே மரபணுவைக் கெடுத்தாலும் எலியின் மூளை மனிதருக்கு ஆவது போல அவ்வளவு சிறுத்துப்போவதில்லை. ஆர்கனாய்டில் காரணம் தெரிந்தது: போதுமான அளவு பெருகுவதற்கு முன்பே மூளையை உருவாக்கும் மூல செல்கள் அவசரப்பட்டு நியூரானாக, அதாவது நரம்புச் செல்லாக, மாறிவிடுகின்றன. கருவிலேயே குழந்தையின் தலையைச் சிறுக்கவைக்கும் ஜிகா வைரஸ் இதே மூல செல்களைத் தாக்குவதையும் 2016இல் ஆர்கனாய்டில் பார்த்தார்கள்.

கார்முகில்:
சிறுத்துப்போவது பெரிய மாற்றம், அது எதில் பார்த்தாலும் கண்ணில் படும். நுணுக்கமான விஷயங்களில்தான் சிக்கல். சான் பிரான்சிஸ்கோவில் கிரீக்ஸ்டைன் குழு 2020இல் ஆர்கனாய்டு செல்களை நிஜக் கருவின் மூளைச் செல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஆர்கனாய்டு செல்கள் நெருக்கடியில் தவிக்கின்றன, அதனாலேயே எந்த வகை நியூரானாக ஆக வேண்டுமோ அந்த அடையாளம் அவற்றில் தெளிவாக உருவாவதில்லை என்று தெரிந்தது. இப்படி ஏற்கெனவே தவிக்கும் செல்லை வைத்து மூளையைக் காப்பாற்றும் மருந்தைச் சோதித்தால் அந்த முடிவை எப்படி நம்புவது?

பூவரசி:
இடையில் வருவதற்கு மன்னியுங்கள். என் மகன் 27 வாரத்தில் பிறந்தவன், அதனால் இந்த விஷயத்தை நான் விடாமல் படிக்கிறேன். கார்முகில், நீங்கள் கேட்ட கேள்விக்குக் கிட்டத்தட்ட பதில் 2019இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் இருக்கிறது. பாஸ்காவின் குழு ஆர்கனாய்டுகளை ஆக்ஸிஜன் மிகக் குறைந்த சூழலில் வைத்தது, அதாவது குறைமாதக் குழந்தையின் மூளைக்கு நேரக்கூடிய அதே ஆபத்தை உண்டாக்கிப் பார்த்தது. எல்லாச் செல்லும் ஒரே மாதிரி பாதிக்கப்படவில்லை. மூல செல்லுக்கும் நியூரானுக்கும் நடுவில் இருக்கும் ஒரு வகை மட்டும் குறிப்பாகக் குறைந்துபோனது, மனிதப் பெருமூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, இவ்வளவு விரிவதற்கு உதவும் செல்கள் அவை. ஐஸ்ரிப் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தபோது அந்த இழப்பு தடுக்கப்பட்டது. அப்புறம் முக்கியமானது, ஆக்ஸிஜன் குறைந்தால் இந்தப் பாதிப்பு வருகிறதா என்று நிஜ மனிதக் கருவின் புறணித் திசுவிலும் சரிபார்த்தார்கள். எலி இதைக் காட்டியிருக்குமா? அந்த வகைச் செல் எலியில் இவ்வளவு இல்லை.

கார்முகில்:
நிஜத் திசுவில் சரிபார்த்ததுதான் அந்த ஆய்வின் பலம், அதை மதிக்கிறேன். ஆனால் கவனியுங்கள், நம்பிக்கை வந்தது அந்தத் திசுவால்தான், ஆர்கனாய்டால் மட்டும் வரவில்லை. ஐஸ்ரிப் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தும் இல்லை. பெற்றோர் இதைப் படித்து மருந்து வந்துவிட்டது என்று நினைத்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

பூவரசி:
நான் அப்படி நினைக்கவில்லை. எந்தச் செல் போகிறது என்பது தெரியாமல் இத்தனை வருடம் கிடந்ததே, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

நெய்தல்:
செல்களின் நெருக்கடி பற்றி ஒன்று. ஆர்கனாய்டு செல்களை எலியின் மூளையில் வைத்தால் அது குறைகிறது என்பதும் நீங்கள் சொன்ன அதே 2020 ஆய்வில்தான் இருக்கிறது. 2022இல் பாஸ்கா குழு பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சுகளின் மூளையில் ஆர்கனாய்டை வைத்தது. அங்கே ரத்த ஓட்டம் கிடைத்தது, நியூரான்கள் தட்டில் வளர்ந்ததைவிடப் பல மடங்கு பெரிதாயின. டிமொதி நோய்க்குறி என்ற அரிய மரபணு நோய் உள்ளவர்களின் நியூரான்களில் இருக்கும் குறையும் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

கார்முகில்:
சரி, அப்படியென்றால் தட்டில் தெரியாதது எலியின் மூளைக்குள் போனால்தான் தெரிகிறது. அங்கேதான் என் அடுத்த கேள்வி. தோலிலிருந்து கொஞ்சம் செல் கொடுத்தவரிடம், அது நியூரானாகி ஒரு எலியின் தலைக்குள் வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொன்னார்களா?

நெய்தல்:
சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் உங்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.