புதுப்பிப்பு: மனச்சோர்வுடன் வேலையில் தொடர்வதா, விடுவதா?

வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கமில்லை, ராஜினாமா செய்துவிடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வேலையை விடவில்லை.

கைகொடுத்தது, "முதலில் மருத்துவரைப் பாருங்கள், விடுப்பு எடுங்கள், முடிவைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்" என்ற யோசனை. மனநல மருத்துவர் இது மனச்சோர்வு என்றார். தீராத வேலை அழுத்தத்தால் வரும் பணிக்களைப்பை (burnout) உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது; மனச்சோர்வோ நோய், வேலையை விட்டாலும் கூடவே வரக்கூடும் என்று விளக்கினார். மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்று முன்பே சொன்னது பெரிய உதவி. இல்லாவிட்டால் பாதியில் நிறுத்தியிருப்பேன்.

எதிர்பாராதது: தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு போன்ற அறிகுறிகள் வரலாம் என்று ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். எனக்குக் குறையில்லை. ஆனாலும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய பரிசோதனை அது.

தூக்கம் திரும்பிய பிறகுதான் வேலையில் எது வதைக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. நள்ளிரவிலும் ஓயாமல் வரும் செய்திகள். நோயின் பெயரைச் சொல்லாமல், "இரவு 8 மணிக்கு மேல் வருபவற்றுக்குக் காலையில் பதில் தருகிறேன்" என்று மேலாளருக்கு எழுதினேன். ஒப்புக்கொண்டார்.

"வேறு வேலை தேடிக்கொண்டு விடுங்கள்" என்பது எனக்கு உதவவில்லை; விண்ணப்பம் எழுதவே தெம்பில்லை. மிரட்டலும் அவமதிப்பும் நடக்கும் அலுவலகத்துக்கு என் வழி பொருந்தாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் எதற்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.