மொரீஷியஸ் போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்

மதுரையிலிருந்து:

நானே ஆரம்பிக்கிறேன். விமான நிலையம் தீவின் தென்கிழக்கு ஓரத்தில், தலைநகர் போர்ட் லூயி வடமேற்கில். டாக்சி ஏறினால் ஒரு மணி நேரம்தான், நாட்டையே குறுக்கே கடந்துவிட்டோம். நாட்டின் முக்கியத் தீவின் பரப்பே 1,865 சதுர கி.மீ. வழி நெடுகக் கரும்பு. அதற்கு நடுவே ஆள் உயரத்துக்கும் மேலாகக் கருங்கல் குவியல்கள். ஏதோ கோயில் இடிந்து கிடக்கிறது என்று நினைத்து டிரைவரிடம் கேட்டேன். இது எரிமலைத் தீவு, மண்ணைக் கிளறினால் கல்தான், கூலி வேலைக்கு வந்தவர்கள் கையால் பொறுக்கிக் குவித்தது என்றார்.

அவர் பெயரைக் கேட்டால் நம் ஊர் முருகன் பெயர். உற்சாகமாகத் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். சிரித்துவிட்டு, தாத்தாவோடு போய்விட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழிதான். ஆனால் வருஷம் தவறாமல் காவடி எடுப்பாராம். தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை.

பணம் மாற்றியபோது கையில் வந்த 100 ரூபாய் நோட்டைத்தான் மறக்கவே முடியாது. 'நூறு ரூபாய்' என்று தமிழில் அச்சடித்திருக்கிறது. படத்தில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற அரசியல் தலைவர். பேசும் வாயில் இல்லாத தமிழ் நோட்டில் இருக்கிறது!

சின்னங்களில் எனக்குப் பிடித்தது அவர்களுடைய அரசு முத்திரை. ஒரு பக்கம் டோடோ, மறுபக்கம் மான், இரண்டும் ஆளுக்கொரு கரும்பைப் பிடித்திருக்கும். டோடோ அந்த மண்ணிலேயே பிறந்து 17ஆம் நூற்றாண்டில் பூண்டோடு அழிந்த பறவை. மானோ டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. கரும்பும் வெளியிலிருந்து வந்ததுதான். கொடியில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு பட்டைகள், அவ்வளவுதான்.

திருப்பூரிலிருந்து:

நான் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தேன். 1968இல் சுதந்திரம் வாங்கியபோது சர்க்கரையை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை. 1970இல் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கு வரிச்சலுகை கொடுத்துச் சட்டம் போட்டார்கள், ஆயத்த ஆடை பிடித்துக்கொண்டது. பிற்பாடு சீனாவோடு விலையில் போட்டிபோட முடியாமல் பல கம்பெனிகள் மூடின. இப்போது சுற்றுலாவும் வங்கித் தொழிலும்தான் முக்கியம். எபேன் என்ற தொழில்நுட்ப நகர்ப் பக்கம் போனால் வரிசையாகக் கண்ணாடிக் கட்டிடங்கள், சென்னை ஓஎம்ஆர் மாதிரி.

நோட்டுக்கு ஒரு கதை உண்டு. 1998இல் புது நோட்டு அடித்தபோது, மொழி வரிசையில் தமிழ் அதுவரை இருந்த இடத்தை நாகரி எழுத்துக்கு (இந்தி எழுத்து) கொடுத்துவிட்டார்கள். தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசைப்படியே அடித்தார்கள்.

வாயில் தமிழ் இல்லை என்கிறீர்கள், சந்தைக்குப் போனீர்களா? முருங்கைக்கீரைக் கட்டை நீட்டி 'ப்ரெட் முரூம்' என்பார்கள். பீர்க்கங்காய்க்கு 'பிபங்காய்'. ரசம் 'ரசோன்'. தமிழர் வீட்டுக் கல்யாணத்தில் வாழை இலை போட்டு ஏழு கறி பரிமாறுவார்கள், அதற்குப் பெயரே 'சேத் காரி'. பேச்சில் போனது அடுப்படியில் நிற்கிறது.

கும்பகோணத்திலிருந்து:

போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். 1834க்குப் பிறகு ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய துறை இது. 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மிச்சம் இருப்பது கொஞ்சம் படிக்கட்டு, சில கற்சுவர்கள். பத்து நிமிஷத்தில் சுற்றிவிடலாம், நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மதுரைக்காரருக்கு ஒரு சின்னத் திருத்தம்: எல்லாரும் கூலியாக வந்தவர்கள் இல்லை. அதற்கு நூறு வருஷம் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் போயிருக்கிறார்கள். போர்ட் லூயி துறைமுகம் எழுந்ததில் அவர்கள் கைவேலையும் உண்டு.

மதுரையிலிருந்து:

திருத்தத்துக்கு நன்றி ஐயா. திருப்பூர் நண்பரே, ஓட்டல் மெனுவில் 'ரசோன்' என்று போட்டிருந்தது. ஏதோ பிரெஞ்சுப் பலகாரம் போலிருக்கிறது, நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒதுக்கிவிட்டேன். மூன்று நாள் ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டு வந்தவனுக்கு இப்போதுதான் வயிறு எரிகிறது.